மடிக்கணினிக்குள் இருக்கும் டயல்-அப் மோடத்தை லினக்ஸில் பேச வைத்த கதை

தொலைபேசி லைன் வழியாக மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பழைய நீர்மட்டப் பதிவுக் கருவியிலிருந்து தரவு எடுக்க வேண்டியிருந்தது. அழைத்தால் எடுக்கும், நொடிக்கு 2400 பிட் வேகத்தில் பேசும். நெட்வொர்க் கிடையாது, யூஎஸ்பி கிடையாது. என்னிடம் பென்டியம் 3-எம் பிராசசர் கொண்ட ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அதன் பக்கவாட்டில் ஈத்தர்நெட் துளையை ஒட்டி, அதைவிடக் குறுகலான ஆர்ஜே-11 என்ற தொலைபேசி வயர் துளை ஒன்றும் இருந்தது. உள்ளேயே மோடம் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று அதையே எழுப்பப் பார்த்தேன். 32-பிட் டெபியன் போட்டாகிவிட்டது. ஆனால் லினக்ஸைப் பொறுத்தவரை அந்தத் துளை வெறும் துளைதான். மோடத்தைத் தேடித் தரும் டபிள்யூவிடயல்கான்ஃப் கட்டளை எல்லா சீரியல் போர்ட்டுகளையும் தட்டிப் பார்த்துவிட்டு மோடம் எதுவும் இல்லை என்றது.

அது சொன்னது ஒரு வகையில் சரிதான். மோடம் என்று நாம் சொல்வதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. மோடத்துக்கு நாம் தரும் ஏடி கட்டளைகளைப் புரிந்துகொள்வது, பிழைதிருத்தம், தரவுச் சுருக்கம் எல்லாம் கன்ட்ரோலரின் வேலை. பிட்டுகளை ஒலியாகவும் ஒலியைப் பிட்டுகளாகவும் மாற்றும் கணக்கு டேட்டாபம்ப்பின் வேலை. லைனைத் தொடுவது, ரிசீவரை எடுத்தது போலச் சுற்றை மூடுவது, மணி அடிப்பதை உணர்வது ஆகியவை டிஏஏ எனப்படும் லைன் இணைப்புப் பகுதியின் வேலை. வெளியே வைக்கும் பழைய சீரியல் மோடங்களில் மூன்றும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. மடிக்கணினிகளில் இடமும் செலவும் மிச்சப்பட வேண்டும் என்று முதல் இரண்டையும் மெயின் பிராசசரின் தலையில் கட்டிவிட்டார்கள். மிஞ்சியது, மின் ஒலியை எண்களாகவும் எண்களை ஒலியாகவும் மாற்றும் ஒரு கோடெக் சிப்பும் லைன் இணைப்பும் மட்டும். சீரியல் போர்ட்டே இல்லாத ஒன்றை சீரியல் போர்ட்டுகளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இந்த வகையைத்தான் வின்மோடம், சாஃப்ட்மோடம் என்றெல்லாம் சொல்வார்கள். டிரைவர் என்ற பெயரில் வருவது இங்கே வெறும் டிரைவர் அல்ல, முக்கால்வாசி மோடமே அதுதான். அதனால்தான் எந்தச் சிப் என்று துல்லியமாகத் தெரியாமல் டிரைவரைத் தேடி இறங்குவது வீண்.

மடிக்கணினியின் மாடல் பெயரை வைத்துத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே மாடலில் வெவ்வேறு மோடம் அட்டைகளைப் பொருத்தி விற்பது சாதாரணமாக நடந்தது. மெஷினையே கேட்பதுதான் சரி. மெஷினுக்குள் இருக்கும் பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என் விருப்பத்துடன் ஓட்டினேன். பெயரோடு எண்களும் வர வேண்டும் என்பதற்காக அந்த விருப்பம். பட்டியலின் நடுவே இது இருந்தது: வகுப்பு 0703, மோடம், இன்டெல் 82801சிஏ/சிஏஎம் ஏசி'97 மோடம் கன்ட்ரோலர், எண் 8086:2486. அதற்கு நேர் மேலே 8086:2485, அதே சிப்பின் ஒலிப் பகுதி.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 8086:2486 என்ற எண்ணைத் தேடுகிற பலரும் இன்டெல் மோடம் டிரைவர் என்று ஒன்று இருக்கும் என நினைத்து அலைகிறார்கள். இந்த எண் மோடத்தின் எண் அல்ல. மதர்போர்டில் இருக்கும் ஐசிஎச்3 என்ற இன்டெல் துணைச் சிப்புக்குள் (சவுத்பிரிட்ஜ்) உள்ள ஒரு வாசலின் எண், அவ்வளவுதான். அந்த வாசலுக்கு அப்பால் ஏசி-லிங்க் என்ற ஐந்து கம்பிப் பாதையில் ஒரு கோடெக் சிப் உட்கார்ந்திருக்கிறது. அது யாருடையது என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது. 8086:2446 என்றாலும் இதே கதை, அது ஐசிஎச்2. விஐஏ சிப்செட்டில் வரும் 1106:3068-ம் அப்படித்தான். எந்த மென்பொருள் தேவை என்பதைத் தீர்மானிப்பது அப்பால் இருக்கும் கோடெக்.

வேறு வகை மோடங்களில் பிசிஐ எண்ணே போதுமான பதிலைத் தந்துவிடும். விற்பனையாளர் எண் 11சி1 என்று தொடங்கினால் லூசென்ட், பின்னாளில் அகேர். அவர்களுடைய பழைய சிப்புகளில் டேட்டாபம்ப் கணக்கைச் செய்யும் டிஎஸ்பி உண்டு, கன்ட்ரோலர் வேலை மட்டும்தான் பிராசசருக்கு. எல்டிமோடம் என்ற டிரைவரும் அதற்குப் பிறகு வந்த மார்ஷியன் டிரைவரும் அவற்றுக்கானவை. 14எஃப்1 என்றால் கோனெக்சன்ட். அதற்கு லினக்ஸன்ட் நிறுவனத்தின் எச்எஸ்எஃப்மோடம் அல்லது எச்சிஎஃப் டிரைவர் வேண்டும். இலவசப் பதிப்பின் வேகம் நொடிக்கு 14.4 கிலோபிட்டோடு நின்றுவிட்டது, முழு வேகத்துக்குப் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. பழைய சில திங்க்பேடுகளில் இருந்த எம்வேவ் சிப்புக்கு கர்னலிலேயே டிரைவர் வந்தது.

2004-க்குப் பிறகு வந்த எச்டி ஆடியோ மடிக்கணினிகளில் நிலைமை இன்னும் குழப்பம். அங்கே மோடத்துக்கென்று பிசிஐ பட்டியலில் தனி வரியே இருக்காது. ஒலிச் சாதனம் ஒன்று மட்டும்தான் தெரியும், அதன் பாதையில் இரண்டாவது கோடெக்காக மோடம் ஒளிந்திருக்கும். பட்டியலில் மோடம் இல்லை, ஆனால் துளை இருக்கிறது என்றால் ப்ராக் அடைவில் அசவுண்டுக்குள் கார்டு0 என்பதைத் திறந்து, கோடெக்#1 போன்ற கோப்புகளைப் படித்துப் பாருங்கள். பயாஸில் மோடத்தை அணைத்து வைத்திருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சரி, என் மெஷினுக்கு வருகிறேன். வாசலுக்கு அப்பால் யார் என்று அறிய நல்ல வழி லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவிடமே கேட்பது. ஒலிக்கான ஆல்சா எதற்கு மோடத்தில் தலையிடுகிறது என்று தோன்றலாம். ஏசி'97-ஐப் பொறுத்தவரை மோடமும் ஒரு ஒலி கோடெக்தான். அதனால் கர்னலில் எஸ்என்டி_இன்டெல்8எக்ஸ்0எம் என்ற மாட்யூல் இருக்கிறது. கடைசியில் இருக்கும் எம் எழுத்து மோடத்துக்கானது. விஐஏ சிப்செட்டுக்கும் ஏடிஐ சிப்செட்டுக்கும் இதைப் போலத் தனித்தனி மாட்யூல்கள் உண்டு. மாட்யூலை ஏற்றிவிட்டு ப்ராக் அடைவின் அசவுண்டில் கார்ட்ஸ் கோப்பைப் படித்தால், ஐசிஎச்-மோடம் என்ற பெயரில் இன்னொரு ஒலி அட்டை முளைத்திருந்தது. அதன் அடைவில் கோடெக்97#0 என்ற துணை அடைவு, அதற்குள் எம்சி97#1-1 என்ற கோப்பு. முதல் வரியிலேயே பதில்: சிலிக்கான் லேபரட்டரி எஸ்ஐ3036.

அந்த வரி காலியாகவோ தெரியாத கோடெக் என்றோ வந்தாலும் மனம் தளர வேண்டாம். பக்கத்தில் ரெக்ஸ் என்று முடியும் இன்னொரு கோப்பு இருக்கும், ரெஜிஸ்டர்களின் மதிப்புகள் அதில் வரிசையாக இருக்கும். 7சி, 7இ ஆகிய இரண்டு ரெஜிஸ்டர்களில் கோடெக் தயாரிப்பாளரின் மூன்று எழுத்துக் குறியீடு ஆஸ்கி எண்களாகப் பதிந்திருக்கும். எனக்கு 7சி-யில் 5349, 7இ-யில் 4சி22. 53 என்றால் எஸ், 49 என்றால் ஐ, 4சி என்றால் எல். மூன்றையும் சேர்த்தால் எஸ்ஐஎல், சிலிக்கான் லேப்ஸ். கடைசி 22 சிப்பின் மாடல். இதுவே 43, 58, 54 என்று வந்திருந்தால் சிஎக்ஸ்டி, கோனெக்சன்ட். அப்போது என் பாதை எச்எஸ்எஃப்மோடம் பக்கம் திரும்பியிருக்கும். அந்த நான்கு பைட்டுகளைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. சிப் தன் பெயரைத் தானே சொல்கிறது, யாருடைய பட்டியலையும் நம்ப வேண்டியதில்லை.

நேரில் பார்த்தும் உறுதி செய்துகொண்டேன். தொலைபேசி வயரை முதலில் கழற்றிவிட வேண்டும். லைனில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் அளவுக்கு இருக்கும், மணி அடிக்கும்போது 90 வோல்ட் ஏசி வரை போகும். பேட்டரியையும் எடுத்துவிட்டு அடிமூடியைத் திறந்தால், தீப்பெட்டி அளவில் ஒரு சிறிய அட்டை. எம்டிசி (மொபைல் டாட்டர் கார்ட்) என்று இதைச் சொல்வார்கள். இரண்டு கம்பி கொண்ட மெல்லிய கேபிள் ஒன்று அதிலிருந்து ஆர்ஜே-11 துளைக்குப் போகிறது. அடியில் 30 முனை கனெக்டர். பின்னால் வந்த எம்டிசி 1.5 அட்டைகளில் 12 முனைதான். ஸ்டிக்கரில் இருந்த பெயர் கோடெக் தயாரிப்பாளருடையது அல்ல, வேறொரு மோடம் நிறுவனத்துடையது. விண்டோஸில் அந்த நிறுவனத்தின் மென்பொருள்தான் இதை ஓட்டியிருக்கும். லினக்ஸில் நமக்கு ஸ்டிக்கர் முக்கியமில்லை, ஏசி-லிங்கின் முனையில் இருக்கும் சிப்தான் முக்கியம். ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு அந்த நிறுவனத்தின் லினக்ஸ் டிரைவரைத் தேடப் போயிருந்தால் வழி தவறியிருக்கும்.

எஸ்ஐஎல் கோடெக்குக்கு லினக்ஸில் கிடைத்த நல்ல வழி ஸ்மார்ட்லிங்க் நிறுவனத்தின் எஸ்எல்மோடம். கடைசியாகப் பரவலாகப் புழங்கிய பதிப்பு 2.9.11. இதில் எஸ்எல்மோடம்டி என்ற டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், கன்ட்ரோலர் வேலையையும் டேட்டாபம்ப் வேலையையும் தானே செய்யும். கோடெக்கோடு பேச ஆல்சாவைப் பயன்படுத்தும். மூலநிரல் முழுக்கத் திறந்ததல்ல. கணக்கு நடக்கும் பகுதி டிஎஸ்பிலிப்ஸ்.ஓ என்ற ஏற்கெனவே கம்பைல் செய்த 32-பிட் கோப்பாக வருகிறது. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வி.34, வி.90 என்ற மோடம் முறைகள் எல்லாம் வெளியான தரநிலைகள்தான், ஆனாலும் அந்தக் கணக்கை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு ஆறுதல். அந்தப் பூட்டிய கோப்பு கர்னலுக்குள் போவதில்லை, சாதாரண நிரலாகவே வெளியே ஓடுகிறது. அதனால் கர்னல் பதிப்பு மாறினாலும் இது செத்துப்போவதில்லை. கர்னலுக்குள் போன மற்ற பல மோடம் டிரைவர்கள் அப்படித்தான் செத்துப்போயின.

கம்பைல் செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மேக் கட்டளையில் சப்போர்ட்_ஆல்சா=1 என்று சொல்லியாக வேண்டும், 32-பிட் ஆல்சா டெவலப்மென்ட் கோப்புகளும் இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஸ்மார்ட்லிங்க் நிறுவனத்தின் சொந்த அட்டைகளுக்கான எஸ்எல்ஏஎம்ஆர் மாட்யூலைத் தேடும் டீமன்தான் கிடைக்கும், இந்த வகை மோடத்துக்கு அது உதவாது. டெபியன், உபுண்டு பக்கம் இருப்பவர்கள் எஸ்எல்-மோடம்-டீமன் என்ற தொகுப்பாகவும் இதைப் பார்த்திருக்கலாம்.

டீமனை ஓட்டுவதற்கு முன்னால் இன்னொரு சோதனை. இதை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆல்சாவின் ஏமிக்ஸர் கட்டளையால் மோடம் அட்டையின் மிக்ஸரைப் பார்த்தால் ஆஃப்-ஹுக் என்று ஒரு சுவிட்ச் தெரியும். அதே லைனில் ஒரு சாதாரண தொலைபேசியையும் இணைத்து வைத்துக்கொண்டேன். தொலைபேசியை எடுத்து டயல் டோன் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, ஓர் எண்ணை அழுத்தி டோனை நிறுத்தினேன். அப்புறம் ஆஃப்-ஹுக் சுவிட்சை ஆன் செய்தேன். காதில் இருந்த ஒலி சட்டென்று மங்கியது. தொலைபேசியை வைத்த பிறகும் லைன் விடுபடவில்லை, மோடம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுவிட்சை ஆஃப் செய்ததும் விட்டது. ஒரு வரி டிரைவர் மென்பொருள் ஓடாமலே, கர்னல் மாட்யூல் சரி, கோடெக் சரி, லைன் இணைப்பு சரி, கேபிள் சரி என்று நான்கும் ஒரே சோதனையில் தெரிந்துவிட்டன. இதற்கு மேல் எது தகராறு செய்தாலும் அது மென்பொருள் பக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை. அலுவலகங்களில் இருக்கும் டிஜிட்டல் பிபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) லைனில் மடிக்கணினி மோடத்தைச் செருகக் கூடாது. துளை அதேபோல இருக்கும், ஆனால் மின்னோட்டம் வேறு, லைன் இணைப்புப் பகுதி எரிந்துபோகலாம். சாதாரண அனலாக் லைன் மட்டுமே.

மெஷினை மறுபடி இயக்கியபோது ஒலி போய்விட்டது. இது இந்த வகை மோடங்களில் அடிக்கடி நடப்பது. இரண்டு மாட்யூல்களும் ஒரே நேரத்தில் ஏறும்போது மோடம் முந்திக்கொண்டு அட்டை எண் 0-ஐப் பிடித்துவிடுகிறது. பாட்டு போடும் நிரல்களெல்லாம் 0-வது அட்டைக்கு ஒலியை அனுப்புகின்றன, அங்கே இருப்பதோ மோடம். மாட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பை உருவாக்கி, எஸ்என்டி-இன்டெல்8எக்ஸ்0 மாட்யூலுக்கு இன்டெக்ஸ்=0, எம் சேர்ந்த மாட்யூலுக்கு இன்டெக்ஸ்=1 என்று எழுதியதும் ஒழுங்காயிற்று. மோடம் எண் நிலையாக 1 ஆனதால் டீமனுக்கும் வசதி.

எஸ்எல்மோடம்டி-யை --ஆல்சா விருப்பத்துடன், மோடம்:1 என்ற சாதனப் பெயரைக் கொடுத்து, ரூட்டாக ஓட்டினேன். நிகழ்நேர முன்னுரிமை தேவைப்படுவதால் ரூட் வேண்டும். பிராசசர் சில மில்லிநொடிகள் வேறு வேலையில் மூழ்கினாலும் கேரியர், அதாவது இரண்டு மோடங்களையும் இணைத்து வைக்கும் ஒலி, அறுந்துவிடும். டெவ் அடைவில் டிடிஒய்எஸ்எல்0 என்ற இணைப்பு உருவானதாகவும் அதையே மோடம் சாதனமாகப் பயன்படுத்தலாம் என்றும் செய்தி வந்தது. உண்மையில் அது ஒரு போலி டெர்மினலைச் சுட்டும் குறுக்குவழி. அதைச் சாதாரணப் பயனர் திறக்க --குரூப் விருப்பத்தில் டயல்அவுட் குழுவைக் கொடுத்தேன்.

மினிகாம் என்ற டெர்மினல் நிரலில் அந்தச் சாதனத்தைத் திறந்து ஏடி என்று அடித்தேன். ஓகே என்று வந்தது. அந்த இரண்டு எழுத்தும் இத்தனை நேரம் இல்லாத ஒரு மோடத்திடமிருந்து வந்தவை.

ஏடிடிடி கொடுத்து எண்ணை அழைத்தபோது டயல்டோன் இல்லை என்ற பதில். காதில் டோன் தெளிவாகக் கேட்கிறது, மோடம் இல்லை என்கிறது. டயல் டோனின் அதிர்வெண் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 350-ம் 440-ம் சேர்ந்த ஒலி, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 425 ஹெர்ட்ஸ். டீமனின் --கன்ட்ரிலிஸ்ட் விருப்பம் அது அறிந்த நாடுகளைப் பட்டியலிடும், --கன்ட்ரி விருப்பத்தில் சரியான நாட்டைக் கொடுத்தால் அந்த நாட்டின் டோன், லைன் அமைப்பு எல்லாம் அதற்கேற்ப மாறும். பிபிஎக்ஸின் அனலாக் உள் லைன்களில் டோன் வேறாக இருக்கும், அங்கே நாட்டை மாற்றியும் பயனில்லை என்றால் ஏடிஎக்ஸ்3 கொடுத்துவிடலாம். டோனுக்குக் காத்திருக்காமல் மோடம் நேரடியாக எண்ணைச் சுழற்றும்.

இனி கருவி. மறுமுனை எடுத்தது, கீச்சென்ற ஒலி வந்தது, இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு நோ கேரியர். பழைய 2400 பிட் கருவிகளுக்கு இன்றைய மோடம் தொடக்கத்தில் அனுப்பும் பிழைதிருத்தப் பேச்சு புரிவதில்லை. அதைத் தரவாக எடுத்துக்கொண்டு குழம்புகின்றன. பெரும்பாலான மோடங்களுக்குப் பொதுவான ஏடி\என்0 கட்டளையால் பிழைதிருத்தத்தை நிறுத்தினேன். ஏடி+எம்எஸ் கட்டளையால் மாடுலேஷனை வி.22பிஸ் என்ற 2400 பிட் முறை ஒன்றோடு கட்டிப்போட்டேன். அடுத்த அழைப்பில் கனெக்ட் 2400, கருவியின் உள்நுழைவுக் கேள்வி திரையில் வந்தது. வேகம் குறைவாக இருந்தது நமக்கு நல்லதுதான். 2400-ல் டேட்டாபம்ப்பின் கணக்கு இலேசானது, லைனில் கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் தாங்கும்.

இதே மோடத்தை இணைய இணைப்புக்குப் பயன்படுத்துவோருக்குச் சில விவரங்கள். இரண்டு அனலாக் லைன்களுக்கிடையே 33.6 கிலோபிட்டுக்கு மேல் போகாது. 56 என்பது மறுமுனை டிஜிட்டலாக இருக்கும்போது, அதுவும் பதிவிறக்கத்தில் மட்டும். இணையத்துக்கு அழைக்கும் டபிள்யூவிடயல் நிரலைப் பயன்படுத்தினால் அதன் அமைப்புக் கோப்பில் கேரியர் செக் = நோ என்ற வரியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். டிடிஒய்எஸ்எல்0 போலி டெர்மினல் என்பதால் கேரியர் இருக்கிறதா என்று சொல்லும் கம்பி அதற்கில்லை, டபிள்யூவிடயலோ அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டு இணைப்பு அறுந்தது என்று முடிவு கட்டிவிடும். இணைய இணைப்பை நடத்தும் பிபிபிடி-யை நேரடியாக ஓட்டினால் லோக்கல் என்ற விருப்பம் அதே வேலையைச் செய்யும். கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் டிடிஆர் கம்பியை இறக்கி அழைப்பைத் துண்டிக்கும் வழக்கமும் இங்கே நடக்காது. ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு மூன்று கூட்டல் குறி, மறுபடி ஒரு நொடி, பிறகு ஏடிஎச்.

கடைசியாக, மெஷின் எழும்போதே டீமனும் எழும்படி ஒரு சிஸ்டம்டி யூனிட் எழுதினேன். ஆல்சா மாட்யூல்கள் ஏறிய பிறகுதான் டீமன் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மோடம்:1 இல்லை என்று உடனே விழுந்துவிடும். ரீஸ்டார்ட் விருப்பத்தை ஆன்-ஃபெயிலியர் என்று வைத்தால், எப்போதாவது விழுந்தாலும் தானே எழுந்துகொள்ளும். அழைக்க ஒரு சிறிய சாட் ஸ்கிரிப்ட், நேரம் பார்த்து அதை ஓட்ட கிரான். மூலநிரல் தொகுப்பு, எல்எஸ்பிசிஐ வெளியீடு, கோடெக் கோப்பின் நகல், மாட்ப்ரோப் வரிகள் நான்கையும் ஒரே அடைவில் போட்டு வேறொரு டிஸ்கிலும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வன்பொருளைப் பற்றிய பக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன, டிஎஸ்பிலிப்ஸ்.ஓ கோப்பை யாரும் மறுபடி எழுதித் தரப்போவதில்லை.